ஓர் ஆசிரியர், பல பாடங்கள்

நுழையும்முன்

வீட்டில் ஒரு மொழியும் வெளியே வேறொரு மொழியும் பேசி வளரும் மாணவர்களே! வேற்றுமொழி வழங்கும் ஊருக்கு வந்து, அவ்வூர்க் குழந்தைகளின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே பல பாடங்களைக் கற்பித்த ஆசிரியர் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

ஏழைகளின் தாயாக உலகம் போற்றும் அன்னை தெரசா, அதற்குமுன் ஏறத்தாழ 17 ஆண்டுகள் கல்கத்தாவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

அவர் 1910ஆம் ஆண்டு ஸ்கோப்யே நகரில் பிறந்தார். அவருடைய தாய்மொழி அல்பேனியம். 18 வயதில் துறவு வாழ்வை நாடி வீட்டைப் பிரிந்தார். அதன்பின் பெற்ற தாயை அவர் காணவே இல்லை. அயர்லாந்தில் ஆங்கிலம் பயின்றார். 1929இல் இந்தியா வந்து வங்காளமும் இந்தியும் கற்றார்.

1931இல் கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியில், லொரேட்டோ கன்னியர் நடத்திய தூய மரியாள் பள்ளியில் ஆசிரியரானார். அங்கு வரலாறு, புவியியல், மறைக்கல்வி ஆகியவற்றைக் கற்பித்தார். வங்காளத்தில் கற்பித்தமையால் 'வங்காளத் தெரசா' என்றே அழைக்கப்பட்டார்.

ஒருவரே பல பாடங்களைக் கற்பித்தல் எளிதன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆயத்தம் செய்தல் வேண்டும். ஆயினும் அதனால் விளையும் நன்மை பெரிது. கல்கத்தா ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது என்பது புவியியல். கப்பல் வந்துசெல்லும் அவ்வாற்றின் கரையில் ஆங்கில வணிகர் குடியேறினர் என்பது வரலாறு. இரண்டையும் ஒருவரே கற்பிக்கும்போது, ஒன்றன் விடை மற்றொன்றில் இருப்பதை மாணவர்க்கு எளிதில் காட்டலாம்.

அருகிலிருந்த தொடக்கப்பள்ளி ஒன்றிலும் அவர் கற்பித்தார். அங்கு ஒரே நீண்ட அறையில் பல வகுப்புகள் நடந்தன. முதல் நாள், அறை தூய்மையின்றிக் கிடந்தது. அவர் நூலைத் திறக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கத் தொடங்கினார். ஆசிரியர் பெருக்குவதை முன்பு கண்டிராத குழந்தைகள் வியந்து நின்றனர். சற்று நேரத்தில் சிறுமியர் உதவ முன்வந்தனர். சிறுவர் தண்ணீர் கொண்டுவந்தனர். எத்தொழிலும் இழிவன்று என்னும் பாடம் சொல்லாமலே கற்பிக்கப்பட்டது.

1944இல் அவர் தூய மரியாள் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1948இல் அப்பள்ளியை விட்டு வெளியேறி, அதன் மதிலுக்கு அப்பாலிருந்த மோத்திஜீல் சேரியில் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அங்குக் கரும்பலகை இல்லை. குச்சியால் மண்ணில் எழுதி எழுத்தறிவித்தார். உடலைத் தூய்மையாகப் பேணவும் பழக்கினார். அங்கும் ஓர் ஆசிரியர், பல பாடங்கள்.

சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
மறைக்கல்வி – சமயக் கல்வி
இழிவு – தாழ்வு
பேணுதல் – காத்தல்

வினாக்கள்

1. 'வங்காளத் தெரசா' என்னும் பெயர் எதனால் வந்தது?
2. துடைப்பத்தை எடுத்த ஆசிரியர் குழந்தைகளுக்கு எதனைக் கற்பித்தார்?
3. நீங்கள் வாழும் ஊரைப் பற்றிப் புவியியல் செய்தி ஒன்றும் அதனோடு தொடர்புடைய வரலாற்றுச் செய்தி ஒன்றும் எழுதுக.
4. உங்கள் பெற்றோர் இவ்வூருக்கு வந்தபோது இங்குள்ள மொழியை யாரிடம், எவ்வாறு கற்றனர்? அவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக.