சேர்ந்து பாடுவோம்

ஐதராபாத்தில் குகட்பள்ளி என்ற பகுதி இருக்கிறது. பல ஊர்க்காரர்கள் வேலைக்காக அங்கே குடியேறினார்கள். தெலுங்கு, தமிழ், இந்தி, உருது எல்லாம் அங்கே கேட்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் பேச்சு புரியாத குழந்தை ஒதுங்கி நிற்கும். சேர்ந்து பாடும்போது அந்தக் கூச்சம் போய்விடும். கை தட்ட மொழி வேண்டுமா, என்ன?

இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1925-இல் சித்தூரில் பிறந்தார். சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். பல மொழிப் பாடல்களைப் பாட வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுத் தந்தார். 1988-இல் மறைந்தார்.

கடல் கடந்த பாட்டும் நமக்குச் சொந்தமாகும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடினார்கள். அப்போது ‘வி ஷால் ஓவர்கம்’ என்ற பாட்டைப் பாடினார்கள். கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர் அதை இந்தியில் எழுதினார். நம் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் பாடுகிறார்கள்.

எப்படிக் கற்றுத் தருவது?

பாட்டு எந்த ஊருடையது, பொருள் என்ன என்று முதலில் சொல்லுங்கள். முழுப் பாட்டையும் பாடிக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு வரியாகப் பாடுங்கள். பிள்ளைகள் திருப்பிப் பாடட்டும். தவறினால் அதட்டாதீர்கள்.

உங்கள் தெருவில் வேற்று மொழிக் குழந்தை உண்டா? அதன் வீட்டுப் பாட்டு ஒன்றைக் கேட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள்.