லயத்துப் பிள்ளைகளிடம் போகிற மகளுக்கு

இறக்குவானை



உளவளத்துணை உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து எட்டியாந்தோட்டைப் பக்கம் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோசத்தில் அழுதுவிட்டேன். இறப்பர் பால் வெட்டிய கையால் உன்னைப் படிக்கவைத்தவள் அவள். நீ டிப்ளோமாவில் படித்ததைத் திருப்பிச் சொல்லி உன்னை அலுப்படிக்க மாட்டேன். தோட்டப் பள்ளிக்கூடங்களில் இருபத்திரண்டு வருசம் வழிகாட்டல் ஆசிரியையாக இருந்து, விழுந்து எழும்பிக் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் லயத்தைப் போய்ப் பார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. நடுச்சுவர் பல இடங்களில் கூரை வரை எழும்பாது. ஒரு காம்பராவில் விம்மினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நிற்கும் என்பதை அங்கே வளர்ந்த பிள்ளை ஒருநாளும் கண்டிருக்காது. அதைக் காணவைப்பதுதான் உன் முதல் வேலை.

இதை நான் ஒரு பிள்ளையைக் காயப்படுத்தித்தான் கற்றேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருசம், பதினைந்து வயசுக்காரி ஒருத்தி, ஒரு பையனோடு பழகுவதையும் வீட்டில் அடி விழுவதையும் என்னிடம் சொன்னாள். யோசனை கேட்கிறேன் என்று, வராந்தாவில் நின்றபடி இன்னொரு ஆசிரியையிடம் அதைச் சொன்னேன். பொழுது சாயும் முன்னம் கதை லயம் முழுக்கப் போய்விட்டது. அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. பிறகு வரவேயில்லை. அவளுடைய கொப்பி ஒன்று பல வருசம் என் அலுமாரியில் கிடந்தது.

அதனால் பெரிய பிள்ளைகளிடம் எல்லையை முதல்நாளே சொல்லிவிடு. "யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதே. "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டிவரும். அப்போதும் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல். யாராவது பிள்ளையைத் தொட்டுவிட்டான் என்று தெரிந்தால் தோட்டத்துப் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று விடாதே. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் காதல் கதை கேட்டதும் முகம் சுளித்தாயோ, அந்தப் பிள்ளை அடுத்த சொல்லை விழுங்கிவிடும்.

சின்னப் பிள்ளைகளிடம் கேள்வியோடு போகாதே. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததே, புளத்கொஹுபிட்டியவில் மண் மூடியது நம்முடைய சனத்தின் லயத்தை. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மழைச் சத்தமே பயமாகிவிட்டது. ஒன்பது வயசுப் பையன் ஒருவன், தாய் குவைத்தில், இவன் அம்மாயியோடு. மழை இருட்டினால் சப்பாத்தைக் கழற்றாமலே படுப்பான். என்னிடம் மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. நாலாம் கிழமை நான் பேசுவதை விட்டுவிட்டு, இறப்பர் கொட்டை ஒரு கை பொறுக்கி வந்து அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கொட்டையை எடுத்து சிமெந்தில் பரபரவென்று தேய்த்தான். சூடேறினதும் என் கையில் வைத்தான். சுட்டது. முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு கொட்டைகளை வரிசையாக அடுக்கி, "இது எங்க லயம்" என்றான். மலை எந்தப் பக்கம் என்று காட்டினான். ஓடுகிற வழி எது என்று அவனே கேட்டான். இருவரும் சேர்ந்து கொட்டையிலேயே வழி போட்டோம்.

மட்டக்களப்பில் 1996இல் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றித் தேடிப் படி. போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிமண்ணும் சாயமும் கதையும் கொடுத்து, அவர்கள் போக்கில் விட்டார்கள். அந்தப் பையனுக்குப் பிறகுதான் எனக்கு அவர்கள் செய்தது விளங்கியது.

கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிற இருபது வயசுக்காரர்கள் கதிரையில் உட்காரமாட்டார்கள். கூட நட. தேயிலை மலைப் பாதையில் முகம் பாராமல் நடக்கும்போது அவர்கள் பேச்சு வரும். சாகலாம்போல இருக்கிறது என்ற எண்ணம் உண்டா என்று நேராகக் கேள். கேட்டால் எண்ணத்தைக் கொடுத்துவிடுவோமோ என்று பயப்படாதே. தற்கொலை முயற்சி நம் நாட்டில் 1998இலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து இன்னும் சில குடும்பங்கள் மறைக்கின்றன, அவர்களுக்கு இதை விளக்கு. மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடு.

ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டிவந்தால், அங்கே டொக்டர் சிங்களத்தில் கேட்பார். மொழிபெயர்க்க அக்காவையோ தம்பியையோ உள்ளே கூப்பிடாதே. வீட்டு ஆளுக்கு முன்னால் அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? நீயே கூடப் போ. உன் சிங்களம் போதும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் போன் எடு. பிள்ளைகளின் பேரும் தோட்டமும் வேண்டாம். உன் மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல். மழை தொடங்கிவிட்டால் அந்த மலைப் பாதையில் அட்டை மெத்த. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போ.

உன் பெரியம்மா