லயத்து வீடும் மின்னாக்கியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொது மின்கம்பி வந்து சேர்வதற்கு முன்பு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பல தோட்டங்களில் நிர்வாகம் ஓட்டிய மின்னாக்கியே மாலையில் சில மணி நேரம் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வெளிச்சம் தந்தது. அந்தப் பெரிய இயந்திரம் தனிக் கொட்டகையில், அதற்கென அமர்த்தப்பட்ட ஆளின் பொறுப்பில் இருந்தது. இன்றோ, புயல்மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துபோகும் இரவுகளில், கையால் தூக்கிவரக்கூடிய பெட்ரோல் மின்னாக்கி வீட்டு வாசலிலேயே ஓடுகிறது. அதை ஓட்டுவது பற்றிய தவறான நம்பிக்கைகளும் அதனுடன் வந்துவிட்டன.

நம்பிக்கை: கதவையும் சன்னலையும் திறந்துவைத்தால், வீட்டு முன்புற நடைவழியான அஞ்சடியிலேயே மின்னாக்கியை ஓட்டலாம்.

உண்மை: எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஈமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைவதால், மூச்சு வந்துகொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. லயத்தில் இந்த ஆபத்து ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பழைய லயங்களில் வரிசை வீடுகள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருக்க, இடைச்சுவர்கள் பல இடங்களில் முகடுவரை எழும்பாமல் நின்றுவிடுவதால், முதல் வீட்டில் வெங்காயம் தாளித்தால் மூன்றாம் வீட்டில் மணக்கும். அதே இடைவெளி வழியாகவே நச்சு வாயுவும், மணம் ஏதும் காட்டாமல், மின்னாக்கியே இல்லாத வீட்டில் உறங்கும் குழந்தையிடம் சென்று சேர்கிறது. ஆகவே இயந்திரத்தைக் குடியிருப்பிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி எந்த வீட்டையும் நோக்காதவாறு நிறுத்த வேண்டும். மழை பெய்தால் அதே தொலைவில் பக்கங்கள் திறந்த கூரை அமைக்க வேண்டுமேயன்றி, அதை அஞ்சடிக்கு இழுத்துவரக் கூடாது. மின்னாக்கி ஓடும்போது ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றினால், அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துவிடாமல், உடனே எல்லாரும் வெளியேறி 999 எண்ணை அழைக்க வேண்டும்.

நம்பிக்கை: இருமுனையிலும் பிளக் பொருத்திய கம்பியை மின்னாக்கியிலிருந்து சுவர் இணைப்பில் சொருகினால் வீடு முழுவதும் விளக்கு எரியும்.

உண்மை: எரியும் என்பது மெய்யே, ஆனால் மின்சாரம் வீட்டோடு நிற்காது. 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்ப இறக்கித் தரும் மின்மாற்றி, எதிர்த்திசையில் மின்சாரம் பாய்ந்தால் அதையே பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடக்கூடும். ‘பின்னூட்டம்’ எனப்படும் இந்த எதிர்ப்பாய்ச்சல், கம்பி செத்துக்கிடக்கிறது என்று நம்பிப் பழுதுபார்க்க ஏறிய தெனாகா நேஷனல் மின்நிறுவனப் பணியாளரைக் கொல்லக்கூடியது. கழன்று தொங்கும் பிளக்கின் வெற்று முனைகளோ வீட்டாரையே தாக்கும். பொது மின்சாரமும் மின்னாக்கியும் ஒருபோதும் ஒன்றாக இணையாதபடி தடுக்கும் மாற்றுச் சுவிட்சை, பதிவுபெற்ற மின்கம்பியாளரைக் கொண்டு பொருத்துவதே முறை. அது இல்லாத வீட்டில், கனமான நீட்டிப்புக் கம்பி வழியாக விளக்கு, விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றை நேரடியாக மின்னாக்கியில் இணைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: இயந்திரத்தை நிறுத்தாமலே பெட்ரோல் ஊற்றலாம்.

உண்மை: சூடேறிய புகைபோக்கியில் சிந்தும் சில துளிகளே தீப்பற்றப் போதும் என்பதால், இயந்திரம் நன்றாக ஆறும்வரை, கால் மணி நேரமேனும், இருட்டில் காத்திருக்கத்தான் வேண்டும்.