வணிக ஆங்கிலம்: "பிரேக் டவுன்" என்னும் வினைச்சொல்

விலை விசாரித்து வரும் கடிதங்களில் "பிளீஸ் பிரேக் டவுன் தி பிரைஸ்" என்றொரு வரி வருவதுண்டு. 'விலையைக் குறைக்கச் சொல்கிறார்' எனச் சிலர் பொருள் கொண்டு, தள்ளுபடியும் கொடுத்துப் பதில் எழுதிவிடுகின்றனர். கேட்டவரோ தள்ளுபடி கேட்கவே இல்லை! ஆகவே, இவ்வினைச்சொல்லின் பொருள்களை இங்குக் காண்போம்.

1. பழுதாகி நிற்றல்: "தி லாரி ஹாஸ் புரோக்கன் டவுன்" என்றால் லாரி பழுதாகி நின்றுவிட்டது. இங்கு "ஹாஸ்" என்பதற்குப் பதிலாக "வாஸ்" என்று எழுதலாகாது.

2. முறிதல்: "தி டாக்ஸ் புரோக் டவுன்" என்றால் பேச்சுவார்த்தை முறிந்தது.

3. மனம் உடைதல்: "ஹி புரோக் டவுன்" என்றால் அவர் துக்கம் தாளாமல் அழுதுவிட்டார். கீழே விழுந்தார் என்பதல்ல.

4. பிரித்துக் காட்டுதல்: மொத்தத் தொகையை இனவாரியாகப் பிரித்தல். விலை 4,500 வெள்ளி என்றால், சரக்கு 4,000, கப்பல் கூலி 300, இறக்கு கூலி 150, காப்புறுதி 50 என்று எழுதிக் காட்ட வேண்டும். மேற்சொன்ன கடிதம் கேட்பது இதுவே. விலையைக் குறைக்கக் கேட்பவர் "பிரிங் டவுன்" அல்லது "ரெடியூஸ்" என்றே எழுதுவார்.

முதல் மூன்றிலும் லாரியும் பேச்சும் மனிதரும் தாமே உடைகின்றன, செயப்படுபொருள் இல்லை. நான்காவதில் நாம் விலையைப் பிரிக்கிறோம். "பிரைஸ்" என்ற செயப்படுபொருள் உண்டு. "விலையை", "செலவை" என்று 'ஐ' உருபு கொள்ளும் சொல் பின்னால் வந்தால், பிரித்துக் காட்டுதல் என்று கொள்க.

வினையாக வருங்கால் இரு சொல்லாகவும், பெயராக வருங்கால் ஒரே சொல்லாகவும் எழுதுக.

இதனோடு "கொலாப்ஸ்" என்பதைக் குழப்பலாகாது. அது அடியோடு சரிதல். 1762ஆம் ஆண்டு தோன்றிய பேரிங்ஸ் வங்கி, சிங்கப்பூரில் நடந்த முன்பேர வணிக நட்டத்தால் 1995ஆம் ஆண்டு வீழ்ந்ததை ஆங்கிலத்தில் "கொலாப்ஸ்" என்பர். "பிரேக் டவுன்" என்னார். பழுதான லாரியைச் சீர்செய்து ஓட்டலாம். முறிந்த பேச்சை மீண்டும் தொடங்கலாம். சரிந்த வங்கியின் கதை வேறு.

பயிற்சி: "இயந்திரம் பழுதாகிவிட்டது", "செலவைப் பிரித்துக் காட்டுங்கள்" ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுக.