குடல்வால் புற்றுநோய்: 'பரவிடுச்சு' என்றாலும் வழி உண்டு!

"வயிறு ஊதிக்கிட்டே போகுதுங்க ஐயா... வாய்வா இருக்கும், ஒரு கஷாயம் குடுங்க!"

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வைத்தியரிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. பெரும்பாலும் அது வாய்வுதான். ஆனால் பசி குறைந்து, கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்தால் அலட்சியம் கூடாது. சித்த மருத்துவம் இதைப் பெருவயிறு, மகோதரம் என்று சொல்லும். ஈரல் கெடுதல், காசநோய், சினைப்பைப் புற்றுநோய் என்று காரணங்கள் பல. அபூர்வமான ஒன்று, குடல்வாலில் தோன்றும் புற்றுநோய்.

சில குடல்வால்களில், சளி போன்ற கூழைச் சுரக்கும் கட்டி உண்டாகும். ஒருநாள் குடல்வால் வெடித்து, அந்தக் கூழும் அதில் கலந்த செல்களும் வயிற்றுக்குள் கொட்டிவிடும். 'சூடோமிக்ஸோமா பெரிட்டோனி' என்பது இதன் பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரக்கூடியது.

ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் உயிரைப் பறித்தது குடல்வாலில் தொடங்கிய புற்றுநோய்தான். 1992 நவம்பரில் ஆபரேஷன். 1993 ஜனவரி 20-ல் மரணம். அப்போது வயது 63.

விசித்திரமான பரவல்

பொதுவாகப் புற்றுநோய் ரத்தம், நிணநீர் வழியே நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகும். இந்தக் கூழ் அப்படிப் போவது குறைவு. வாய்க்கால் தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது போல, வயிற்றுக்குள்ளேயே நகர்ந்து அடிவயிற்றிலும், ஈரலுக்கு மேலும், குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரையிலும் படியும். ஓயாமல் அசையும் சிறுகுடலில் மட்டும் அதிகம் ஒட்டாது. ஆபரேஷனுக்கு வழிவிடுவதே இந்தக் குணம்தான்!

ஆண்களுக்குக் குடலிறக்கம் என்று அறுக்கும்போது உள்ளே கூழ் தெரியும். பெண்களுக்குச் 'சினைப்பைக் கட்டி' என்று ஆபரேஷன் செய்யும்போது விஷயம் வெளிவரும். வயிற்று நீர் என்று ஊசி போட்டு உறிஞ்சினால் சரியாக வராது. அவ்வளவு கெட்டி!

ஆபரேஷன் எப்படி?

கூழை மட்டும் வழித்தெடுத்தால் மறுபடி சேர்ந்துவிடும். அமெரிக்க சர்ஜன் பால் சுகர்பேக்கர் வகுத்த முறையில், நோய் படிந்த வயிற்று உறையையே உரித்தெடுக்கிறார்கள். தேவைப்பட்டால் பெருங்குடலின் வலப்பகுதி, மண்ணீரல், பித்தப்பை, கருப்பை, சினைப்பைகளும் போகும். பிறகு 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய புற்றுநோய் மருந்தை வயிற்றுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றவிடுவார்கள். மொத்தம் எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகலாம்.

பலன்? இந்தச் சிகிச்சை பெற்ற 2,298 பேரைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வில், 10 ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 63 சதவீதம்! ஆனால் சிகிச்சையால் 2 சதவீதம் பேர் இறந்தார்கள். 24 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. வீரியம் மிகுந்த வகை என்றால் பலன் குறையும். உடல் தாங்காதவர்களுக்கு இது ஏற்றதல்ல.

வீட்டார் கவனத்துக்கு...

• குடல்வாலை எடுத்தால் பயாப்ஸி முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 'மியூசினஸ்' என்ற சொல் இருந்தால் புற்றுநோய் நிபுணரைப் பாருங்கள்.

• முதல் ஆபரேஷனே முழுமையாக இருப்பது நல்லது. இதில் பழக்கமுள்ள பெரிய மருத்துவமனையில் கருத்துக் கேட்காமல் அவசரப்படாதீர்கள்.

• மண்ணீரலை எடுப்பதாக இருந்தால் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

• முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று முன்பே விசாரியுங்கள்.

• சூரணம், பற்பம், கஷாயம் எதுவானாலும் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகள் ரத்தப்போக்கைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: இந்தக் கூழைக் கரைக்கும் மூலிகை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. "பேதிக்குக் குடுத்தா வயிறு வத்திடும்" என்று யாராவது சொன்னால் நம்பி மாதங்களைத் தொலைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பசி, தூக்கம், உடல்தேற்றம் ஆகியவற்றுக்கு, டாக்டரின் சம்மதத்தோடு எங்கள் பங்கு உண்டு.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அவர் பிறந்த மண்ணில் இருக்கும் நாம், 'பரவிடுச்சு' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாமா? எந்த வகை, எப்படிப் பரவியிருக்கிறது, ஆபரேஷனுக்கு வழி உண்டா... இந்த மூன்றையும் கேட்ட பிறகு முடிவெடுங்கள்!