தண்ணீர் நின்ற வண்டி

அன்பு மகளுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வேலைக்குப் போய்வர ஆறு, ஏழு லட்சத்துக்குள் ஒரு சின்ன எஸ்.யு.வி. செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்றிருக்கிறாய். பிரெஸ்ஸாவா, நெக்ஸானா என்று கேட்டு எழுதியிருந்தாய். எந்த மாடல் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இன்றைய நிலையில் நம் தாமிரபரணிப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த வண்டி எங்கே நின்றது? இதற்குத் தாளோடு பதில் சொல்ல முடியாத வண்டியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நீ வாங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் தயங்காமல் மறுத்து எழுது.

அந்த இரண்டு நாளில் பெய்த மழை சாதாரண மழை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையை விட அது அதிகம். மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் கொட்டியதால் தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. திருநெல்வேலியில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமே தப்பவில்லை. கீழே ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு நகர முடியாமல் நின்றது. ஏரலும் ஆழ்வார்திருநகரியும் பட்ட பாடு உனக்கே தெரியும். மனிதர்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த அந்த இரவில் வாசலில் நின்ற கார்களை யார் நகர்த்தியிருக்க முடியும்? அவை நின்ற இடத்திலேயே மூழ்கின. ஆனால் அவை எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், வண்டியை முழு இழப்பாகக் கருதி கம்பெனி பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர்கள் எல்லோரும் உதிரி பாகத்துக்காக எடுப்பதில்லை. கழுவி, காயவைத்து, சீட் உறை மாற்றி, மறுபடி சாலையில் விடுகிறவர்களும் உண்டு. முழு காப்பீடு இல்லாத வண்டிகளை உரிமையாளரே கைக்காசு போட்டு ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து தள்ளிவிடுவதும் உண்டு. நம் வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. கொஞ்சம் பின்னால் போனால், 2018 ஆகஸ்டில் கேரளம். அங்கே நனைந்த வண்டிகள் புளியரை வழியாக இங்கே வருவதற்கு அதிக தூரமில்லை.

எஸ்.யு.வி. உயரமான வண்டிதானே, அதற்குள் தண்ணீர் ஏறியிருக்காது என்று உனக்குத் தோன்றலாம். இந்த நம்பிக்கை ஊரில் பலருக்கு இருக்கிறது. விற்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள். கணக்கைப் பார். இந்தச் சின்ன எஸ்.யு.வி.க்கள் தரையிலிருந்து 19 முதல் 21 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பிரெஸ்ஸாவுக்கு 198 மில்லிமீட்டர், நெக்ஸானுக்கு 209. சாதாரண சின்னக் காரை விட மூன்று, நான்கு சென்டிமீட்டர் கூடுதல், அவ்வளவே. முழங்கால் தண்ணீர் வந்தாலே கதவின் அடிவிளிம்பைத் தொட்டு உள்ளே கசியும். இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவில் எந்த மாடலும் தப்பியிருக்காது. நான்கு மீட்டருக்குள் நீளம் இருந்தால் வரி குறைவு என்பதற்காகவே உருவான வண்டிகள் இவை. தோற்றம்தான் காட்டு வண்டியுடையது. உடம்பு, ஊருக்குள் ஓடுகிற காருடையது.

அடுத்து, நனைந்த வண்டி காய்ந்துவிட்டால் என்ன கெட்டுப் போகும் என்ற கேள்வி. இஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பயமில்லை. இஞ்சினுக்குள் தண்ணீர் போய், அந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளையும். அது பெரும்பாலும் சீக்கிரமே சத்தத்தில் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது ஒயரிங்கைத்தான். இன்றைய வண்டியில் ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்பித் தருவது மின்மோட்டார். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர். ஏர்பேக்கை விரியச் சொல்லும் பெட்டி பெரும்பாலும் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, தரையோடு தரையாக இருக்கிறது. முன் சீட்டின் அடியில் மஞ்சள் நிறத்தில் தெரியும் கனெக்டர்கள் சீட் பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் போகிறவை. உள்ளே தண்ணீர் ஏறும்போது முதலில் நனைவது இவைதான். வெள்ளத் தண்ணீர் வெறும் தண்ணீரும் இல்லை. வண்டலும் சாக்கடையும் உப்பும் கலந்தது. கனெக்டருக்குள் மெல்லிய படலமாக அது தங்கி, மாதக் கணக்கில் பச்சைக் களிம்பு பூக்கும். ஒருநாள் ஒரு விளக்கு எரியாது, மறுநாள் தானாக எரியும். எந்த மெக்கானிக்காலும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாத கோளாறு இது.

‘இத்தனை காலம் நன்றாகத்தானே ஓடியிருக்கிறது?’ என்று விற்பவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பிழைத்து ஓடுகிற வண்டி பிழைத்த வண்டிதான் என்று நானும் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் எது ஓடுகிறது என்று பார். இஞ்சினும் கியரும் ஏ.சி.யும் தினமும் வேலை செய்பவை. அவற்றின் குறை தினமும் தெரியும். ஏர்பேக் அப்படி இல்லை. வண்டியின் ஆயுளில் ஒரே ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்துக்குள் அது வேலை செய்தாக வேண்டும். அந்த ஒரு முறை வரைக்கும் அதன் ஆரோக்கியத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி டேஷ்போர்டில் எரியும் சின்ன விளக்கு. அந்த விளக்கையே பிடுங்கிவிட்டு விற்பது இந்தத் தொழிலில் கேள்விப்படாத விஷயமல்ல. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும்; எரியாமலே இருந்தாலும் குற்றம், அணையாமல் இருந்தாலும் குற்றம். இருட்டிய பிறகு சேரன்மகாதேவி சாலையில் தனியாக ஓட்டி வரப்போகிறவள் நீ. ‘ஓடியிருக்கிறது’ என்ற சொல் அந்த ஒரு முறைக்கு எந்த உத்தரவாதமும் தராது.

உண்மையைக் கண்டுபிடிப்பது நீ நினைப்பது போல அவ்வளவு கஷ்டமில்லை. 2023-க்கு முன்னும் பின்னுமான இன்சூரன்ஸ் பாலிசி நகல்களைக் கேள். அதில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று ஒரு வரி இருக்கும். கிளெய்ம் எதுவும் வாங்காத உரிமையாளருக்கு அது ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். 2023-இல் 35 இருந்து, 2024 பாலிசியில் அது பூஜ்யமாகியிருந்தால் நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்க உனக்கு உரிமை வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இந்தப் போனஸ் ஆளுக்குரியது, வண்டிக்குரியதல்ல, உரிமையாளர் மாறியிருந்தாலும் பூஜ்யம் ஆகும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இந்த வரியே இருக்காது. அதனால் இதை மட்டும் நம்பாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவைக் கேள். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அந்த வண்டி எதற்காக உள்ளே வந்தது என்பது பில்லில் இருக்கும். இழுத்து வந்தார்களா, உள்ளே கழுவினார்களா, ஒயரிங் மாற்றினார்களா என்பதையும் பார். எப்போதும் கம்பெனியில் சர்வீஸ் செய்த வண்டிக்கு அந்த மூன்று மாதம் மட்டும் பதிவே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு வண்டியிடமே கேள். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். சுருளுக்குள்ளே இருக்கும் நாடாவைக் கழுவ யாருக்கும் தோன்றாது, வண்டல் கோடு அங்கே நிற்கும். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல் இருக்கிறதா, மஞ்சள் கனெக்டர்களின் ஓரத்தில் சேறு காய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். ஐந்து வருட வண்டியில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ, உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலோ அங்கேயே நின்றுவிடு. கடைசியாக, ஸ்கேனர் வைத்திருக்கும் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்து எல்லாக் கம்ப்யூட்டரையும் படிக்கச் சொல். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

நம்பர் பிளேட்டைப் பார்த்து முடிவு செய்யாதே. டி.என். 76 தென்காசி வண்டி அன்றைக்கு ஜங்ஷன் பக்கம் நின்றிருக்கலாம், டி.என். 72 வண்டி களக்காட்டு மேட்டில் ஈரமே படாமல் இருந்திருக்கலாம். பதிவு எண் பிறந்த ஊரைச் சொல்லும். நின்ற ஊரைச் சொல்லாது. ‘தெரிந்தவர் விற்கிறார்’ என்பதையும் ஆதாரமாகக் கொள்ளாதே. தெரிந்தவரே மூன்றாவது உரிமையாளராக இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. பெரிய கம்பெனிகளின் பழைய வண்டிக் கடையில் வாங்கினால் வாரண்டி உண்டே என்பாய். அது நல்லதுதான். ஆனால் அந்தத் தாளைப் படித்துப் பார். பெரும்பாலும் இஞ்சினும் கியர் பாக்ஸும்தான் அதில் வரும், ஒயரிங்கும் எலக்ட்ரானிக்ஸும் வெளியே நிற்கும். எதற்குப் பயப்படுகிறோமோ அதற்கே காப்பு இல்லை.

ஒரு மறுப்பு மட்டும் என்னை நிறைய யோசிக்க வைத்தது. வெள்ளத்தில் வீடும் பொருளும் இழந்த ஒருவர் வண்டியை நேர்மையாகச் சரிசெய்து வைத்திருக்கிறார். எல்லோரும் நான் சொல்வது போல ஒதுக்கினால் அவர் அதை யாரிடம் விற்பார்? அவர்மேல் தவறில்லை. ஆறு ஏறியது அவர் செய்த குற்றமல்ல. அதனால் நான் பிரித்துப் பார்க்கிறேன். தண்ணீர் கார்பெட் வரைக்கும் வந்தது, இன்ன கனெக்டர், இன்ன பெட்டி மாற்றினோம் என்று கம்பெனி பில்லோடு முன்வந்து சொல்கிறவரின் வண்டியை, அதற்கேற்ற விலையில், ஸ்கேன் செய்த பிறகு வாங்கலாம். கேட்டபின் மழுப்புகிறவரின் வண்டியை விட அது எவ்வளவோ மேல். ஆனால் டேஷ்போர்டு வரை மூழ்கிய வண்டியை யார் விற்றாலும் வேண்டாம். அங்கே இரக்கத்துக்கு இடமில்லை. அந்த வண்டியில் உன்னோடு இன்னும் யார் யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்.

விலை குறைகிறதே, ஒரு லட்சம் மிச்சமாகிறதே என்ற வாதம் இப்போது இன்னும் பலவீனமாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. வரையும் உள்ள புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், அதற்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31. புது வண்டி விலை இறங்கியபின் பழையதின் விலையும் இறங்கத்தான் வேண்டும். விற்பவர் பழைய கணக்கிலேயே இருந்தால், அவர் ‘குறைத்துத் தருகிறேன்’ என்பது குறைப்பே அல்ல. ஷோரூமில் அதே வகைப் புது வண்டியின் இன்றைய விலையை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பேசு. உன் பட்ஜெட்டில் பஞ்ச், எக்ஸ்டர் போன்றவற்றின் அடிப்படை மாடல் புதிதாகவே கிடைக்குமா என்றும் ஒரு முறை பார்த்துவிடு.

மாடல் பற்றிச் சுருக்கமாக. நெக்ஸான் 2018-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, உடம்பு கெட்டி. பிரெஸ்ஸாவுக்கு எந்தச் சின்ன ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் எதையும் நீ எடுக்காதே. புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும், டவுனுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போகிற நாட்கள் கூடினால் அது அடைத்துக்கொள்ளும். ஈகோஸ்போர்ட் நல்ல வண்டி, ஆனால் ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. விலை இறங்கியதற்குக் காரணம் அதுவே. என்னைக் கேட்டால் பெட்ரோல் நெக்ஸான் அல்லது பெட்ரோல் பிரெஸ்ஸா. ஆனால் நனையாத எந்த மாடலும் நனைந்த நல்ல மாடலை விட மேல் என்பதில் நான் மாற மாட்டேன்.

பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் கடன் கட்டி முடித்த பதிவு ஏறியிருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடு. எத்தனையாவது உரிமையாளர் என்பதும் அதில் தெரியும். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தை நீயே முன்நின்று முடி. ‘பிறகு மாற்றித் தருகிறேன்’ என்பதை ஏற்காதே. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடு, இல்லையென்றால் வண்டிக்குச் சேதம் வந்தால் கிளெய்மில் சிக்கல் வரும். அதோடு இஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பையும் சேர்த்துக்கொள். இந்த ஆறு மறுபடியும் ஏறும், 2024 டிசம்பரிலேயே அதைப் பார்த்தோம். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாமல் இறங்கிவிட வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்.

நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு வண்டிகளின் பதிவு எண்ணையும், இரண்டின் 2023, 2024 பாலிசி நகலையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாயே, அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வை. தாளைக் கேட்டதும் விற்பவர் என்ன சொன்னார் என்பதையும் அப்படியே எழுது.

அன்புடன்,
பெரியப்பா