ஆட்குறைப்புக்குப் பிறகு அதே கம்பெனி அழைக்கிறது: போகலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் மோட்டார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் 14 வருடம் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்தேன். ‘ஆர்டர் குறைவு காரணமாக ஆட்குறைப்பு’ என்று கடிதம் கொடுத்து, 2025 டிசம்பர் 15 அன்று எங்கள் ஷாப்பில் 6 பேரை நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸ் எதுவும் தரவில்லை. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். செட்டில்மெண்ட் என்று ஒரே செக்காக 2,10,000 ரூபாய் தந்தார்கள். இப்போது ஆர்டர் திரும்பவும் வந்துவிட்டது. என் மெஷினில் ஒரு புதுப் பையன் நிற்கிறானாம். போன வாரம் எச்.ஆரிலிருந்து போன் வந்தது. ‘காண்ட்ராக்டர் பெயரில் வாங்க, 18,000 தருகிறோம்’ என்கிறார்கள். நேரடியாக எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை உண்டா? திரும்பப் போனால் வாங்கிய பணத்தைக் கட்ட வேண்டுமா? பழைய சர்வீஸ் சேருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் கேட்காத இன்னொரு விஷயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சேரவேண்டிய பணம் முழுதாக வந்து சேரவில்லை என்றே தெரிகிறது. முதலில் வேலையைப் பார்ப்போம்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறையில் இருக்கிறது. அதன் 72-வது பிரிவு உங்களுக்கானது. ஆட்குறைப்பு செய்த ஓராண்டுக்குள் நிர்வாகம் யாரையாவது வேலைக்கு எடுப்பதாக இருந்தால், குறைக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும். அவர்கள் வரத் தயார் என்றால், வெளியாட்களைவிட அவர்களுக்கே முன்னுரிமை. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-எச் பிரிவிலும் இதே உரிமை இருந்தது. அப்போது காலக்கெடு இல்லை. இப்போது ஓராண்டு என்று சுருக்கிவிட்டார்கள். ஆகவே 2026 டிசம்பர் நடுவோடு உங்கள் முன்னுரிமை முடிந்துவிடும். நாள் கடத்தாதீர்கள்.

இந்த உரிமைக்கு ஆதாரம் உங்கள் கையிலுள்ள அந்த ‘ஆர்டர் குறைவு காரணமாக ஆட்குறைப்பு’ என்ற கடிதம்தான். அதைப் பத்திரமாக வையுங்கள். விருப்ப ஓய்வு, ஓய்வு வயது, ஒப்பந்தக் காலம் முடிவது போன்றவற்றைச் சட்டம் ஆட்குறைப்பாக ஏற்பதில்லை. செக் வாங்கிய அன்று ‘என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போட்டிருந்தால் நிர்வாகம் அதைத்தான் முதலில் நீட்டும்.

இனி காண்ட்ராக்ட் விஷயம். சட்டம் சொல்லும் முன்னுரிமை, உங்களை நிறுத்திய அதே நிர்வாகத்திடம் வேலை பெறுவதற்கானது. காண்ட்ராக்டர் பெயரில் உள்ளே போனால் ஏட்டில் உங்கள் முதலாளி அவர்தான். கம்பெனி தன்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காண்ட்ராக்ட் தொழிலாளி தானாக உரிமை கோர முடியாது என 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காண்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால்தான் வழி பிறக்கும். அதற்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். 14 வருடம் நேரடி ஊழியராக இருந்த நீங்கள் அந்த நிலைக்கு இறங்க வேண்டியதில்லை.

அடுத்தது பணம். ஆட்குறைப்பு செய்யும்போது இரண்டு தொகைகள் தனித்தனியாக வர வேண்டும்.

ஒன்று கிராஜுட்டி. 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. அதை 14 வருடத்தால் பெருக்கினால் 2,10,000. உங்கள் செக் தொகையும் சரியாக இதுதான்!

இன்னொன்று ஆட்குறைப்பு இழப்பீடு. 70-வது பிரிவின்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு இது அரை மாதச் சம்பளம், அதாவது 13,000. 14 வருடத்துக்கு 1,82,000. ஒரு மாத நோட்டீஸ் தராததால் அதற்கு ஈடாக 26,000. இவை போக, மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம் 45 நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். பாஸ்புக்கைப் பாருங்கள்.

செட்டில்மெண்ட் தாளில் இழப்பீடு என்று தனி வரி இல்லாவிட்டால், நிர்வாகம் இதைத் தரவில்லை என்றே பொருள். நோட்டீசும் இழப்பீடும் ஆட்குறைப்புக்கு முன்நிபந்தனைகள். அவற்றை நிறைவேற்றாத ஆட்குறைப்பு செல்லாது என்று பழைய சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் பல முறை தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே மறுவேலை கேட்பதோடு, ஆட்குறைப்பையே எதிர்த்து வழக்காடவும் உங்களுக்கு இடம் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பினால் வாங்கிய பணத்தைக் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது முடிந்துபோன 14 வருடத்துக்கான கூலி. ஆனால் மறுவேலை என்பது புது நியமனம். எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒழியப் பழைய சர்வீஸ் சேராது. கிராஜுட்டிக்கும் புதிதாக எண்ண வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கடைசியில் சேர்ந்தவரை முதலில் நிறுத்துவதே ஆட்குறைப்பின் பொது விதி. புதியவராகச் சேர்ந்தால் அடுத்த முறை முதல் ஆள் நீங்கள்தான். சீனியாரிட்டியை இப்போதே பேசி, நியமனக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். நியமனக் கடிதம் தருவது இன்று நிர்வாகத்தின் கட்டாயக் கடமை. பி.எஃப். பழைய யு.ஏ.என். எண்ணிலேயே தொடரட்டும்.

இந்த வாரமே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘என் மெஷினில் புதிய ஆள் நியமிக்கப்பட்டிருப்பதாக அறிகிறேன். 72-வது பிரிவின்படி நேரடி மறுவேலைக்கு நான் தயார். ஆட்குறைப்பு இழப்பீட்டையும் நோட்டீஸ் சம்பளத்தையும் வழங்கக் கோருகிறேன்’ என்ற அளவு போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு நிறுத்தப்பட்ட மற்ற ஐவருக்கும் இதே உரிமைகள் உண்டு. ஆறு பேரும் எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். தகராறு எழுந்து 2 ஆண்டுகள் கடந்தால் அவரால் விசாரிக்க முடியாது. அங்கும் தீராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது.

அதுவரை ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற எந்தத் தாளிலும், காண்ட்ராக்டரின் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, தொழிலாளி என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.